வெள்ளையரல்லாத பணிபுரியும் பெண்களுக்கான விருதுக்கு நடுவராக அழைத்தால் ஒப்புக்கொள்ளலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பிரிட்டனில் கணக்குத் தணிக்கைத் துறையில் பணிபுரியும் தமிழ்ப் பெண். கறுப்பின, ஆசிய மற்றும் பிற வெள்ளையரல்லாத பெண்களின் தொழில்முறைச் சாதனைகளுக்கு ஆண்டுதோறும் விருது வழங்கும் ஓர் அமைப்பு உங்களை நடுவர் குழுவில் சேர அழைத்திருக்கிறது. இதுவரை எதற்கும் நடுவராக இருந்ததில்லை என்றும், பரிந்துரைக்கப்பட்டவர்களில் உங்களுக்கு நன்கு தெரிந்த தோழி ஒருவர் இருக்கிறார் என்றும் சொல்லி, ஒப்புக்கொள்ளலாமா, அதற்குத் தகுதி இருக்கிறதா, மதிப்பெண் எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இடையில் ஒரு வரியாக, "இப்படித் தனியாக விருது கொடுப்பது இரக்கப்பட்டுக் கொடுப்பதுபோல் ஆகாதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தயக்கத்தின் வேர் அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பணியில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தவன், சில விருதுக் குழுக்களிலும் அமர்ந்தவன் என்ற அளவில்தான் என் பதிலுக்கு மதிப்பு. சட்டம் என் துறை அன்று.

தனி விருது ஏன் என்பதற்கு, விருதோடு தொடர்பே இல்லாத ஒரு வழக்கைத்தான் நான் எப்போதும் சொல்வேன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எம்மா டிகிராஃபன்ரீட் உள்ளிட்ட ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு அது. தீர்ப்பு வந்த ஆண்டு 1976. அந்த நிறுவனம் 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுத்ததில்லை. பின்னர் ஆட்குறைப்பு வந்தபோது கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் நீக்கியது. நீதிமன்றமோ, நிறுவனத்தில் பெண்கள் இருக்கிறார்கள், எனவே பாலினப் பாகுபாடு இல்லை; கறுப்பினத்தவருக்கான குறையை வேண்டுமானால் தனி வழக்காகப் பார்க்கலாம்; இரண்டையும் சேர்த்துப் புதிய பிரிவு ஒன்றை உண்டாக்க முடியாது என்றது. அங்கே வேலையில் இருந்த பெண்கள் வெள்ளையர்கள், கறுப்பினத்தவர் ஆண்கள் என்பதால், இரண்டு கணக்கிலும் சேராமல் இந்த ஐவரும் நடுவில் விழுந்தார்கள். சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரை இந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டுதான், இனப் பாகுபாடும் பாலினப் பாகுபாடும் ஒருசேரத் தாக்கும் பெண்களைச் சட்டம் காணத் தவறுகிறது என்ற தன் வாதத்தைக் கட்டியது. வெள்ளையரல்லாத பெண்களைக் குறிக்கும் 'விமன் ஆஃப் கலர்' என்ற சொல்லும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1977இல் ஹூஸ்டனில் நடந்த தேசியப் பெண்கள் மாநாட்டில், பல இனப் பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டணிப் பெயராக ஏற்றுக்கொண்டது என்று அமெரிக்கப் பெண்ணியச் செயற்பாட்டாளர் லொரெட்டா ராஸ் பதிவு செய்திருக்கிறார். அவர் பார்வையில் அது தோலின் நிறத்தைக் குறிக்கும் சொல் அன்று, ஓர் அரசியல் உடன்பாட்டின் பெயர். பிரிட்டனில் பிங்கி லிலானி 1999இல் தொடங்கிய ஆசியப் பெண்களுக்கான சாதனை விருதும், ஃபொலுகே அகின்லோஸ் 2007இல் தொடங்கிய பிரெஷியஸ் விருதும் இந்த இடைவெளியை நோக்கி எழுந்தவைதாம்.

பிரிட்டனில் இடைவெளி இருக்கிறது என்பதற்குக் கையில் எண்ணும் உண்டு. 2009இல் அரசின் வேலை மற்றும் ஓய்வூதியத் துறைக்காக நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் 987 வேலைகளுக்கு அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் தாங்கிய விண்ணப்பம் 9 அனுப்பினால் ஒரு நல்ல பதில் வந்தது. சிறுபான்மையினர் பெயர் என்றால் 16 அனுப்ப வேண்டியிருந்தது. இந்த நிலையில் தனி விருது கொடுப்பது இரக்கம் அன்று. ஆனால் அந்த விருதை ஏனோதானோவென்று மதிப்பிட்டுக் கொடுத்தால் அது இரக்கமாகிவிடும். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் வேலை எதுவென்று தெரிந்து ஒப்புக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பட்டிமன்ற நடுவர் இரண்டு அணியையும் நேரில் கேட்டு, அன்றிரவே சிரிக்க வைத்துத் தீர்ப்பும் சொல்லிவிடுவார். விருது நடுவருக்குப் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. உங்கள் முன்னால் வருவது ஒரு பெண் அல்லர். அவரைப் பற்றி யாரோ எழுதிய நான்கு பக்கம். பெரிய வங்கியோ சட்ட நிறுவனமோ பரிந்துரைத்திருந்தால், அந்த நான்கு பக்கத்தை எழுதுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் அங்கே இருப்பார்கள். பர்மிங்ஹாமில் ஆறு பேருடன் மருந்துக்கடை நடத்தும் பெண், கடையைச் சாத்திய பிறகு இரவு 11 மணிக்குத் தானே உட்கார்ந்து எழுதியிருப்பார். இரண்டு தாள்களுக்கும் இடையே தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு பகுதி சாதனையின் வேறுபாடு, எவ்வளவு பகுதி எழுத்தின் வேறுபாடு என்று பிரித்துப் பார்ப்பதுதான் நடுவரின் முதல் வேலை. நான் பார்த்த குழுக்களில் அதிகம் தவறியதும் இந்த இடத்தில்தான்.

பரிந்துரைக் கடிதத்தின் மொழியைப் பற்றி நன்கு அறியப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியப் பணிகளுக்கு 1990களின் முற்பகுதியில் வந்த 312 கடிதங்களை ஃபிரான்சிஸ் டிரிக்ஸ், கேரொலின் ஸென்கா என்ற இருவர் படித்து 2003இல் வெளியிட்டார்கள். பெண்களுக்காக எழுதப்பட்டவை சராசரியில் குறுகியவை. 'கடுமையாக உழைப்பவர்', 'நம்பகமானவர்' போன்ற சொற்கள் அவற்றில் மிகுதி. ஆண்களுக்கான கடிதங்களோ அவர்களுடைய ஆய்வையும் திறமையையும் பேசின. பாராட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டே ஆளைச் சிறியவராக்கும் எழுத்து அது. நம் வீடுகளில் "தங்கமான பெண், வாயே திறக்க மாட்டாள்" என்று சொல்வதன் அலுவலக வடிவம் என்றும் கொள்ளலாம். அது ஒரே கல்லூரியின் கடிதங்கள். எல்லாத் துறைக்கும் எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் பரிந்துரைத் தாளில் 'அர்ப்பணிப்பு', 'அயராத உழைப்பு' என்ற சொற்கள் வரும்போதெல்லாம் பென்சிலால் கோடிட்டு, "என்ன செய்தார்? எவ்வளவு? அவர் இல்லாவிட்டால் நடந்திருக்குமா?" என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை அந்த ஆய்வைப் படித்த பிறகு நான் ஏற்படுத்திக்கொண்டேன். விடை தாளில் இல்லையென்றால் அமைப்பாளர்கள் வழியாகக் கேட்டு வாங்கலாம். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கேட்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

அடுத்தது அளவுகோல். எந்தப் பண்புக்கு எவ்வளவு எடை என்பதைத் தாள்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். எரிக் ஊல்மான், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2005இல் வெளியிட்ட சோதனையில், காவல்துறைத் தலைமைப் பதவிக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் விண்ணப்பித்ததாக வைத்து, ஒருவருக்குத் தெரு அனுபவமும் மற்றவருக்குப் படிப்பும் இருப்பதாகக் காட்டினார்கள். ஆணிடம் எது இருந்ததோ அதுவே பதவிக்கு முக்கியம் என்று மதிப்பீட்டாளர்கள் சாய்ந்தார்கள். எது முக்கியம் என்பதை முன்கூட்டியே சொல்லவைத்தபோது அந்தச் சாய்வு மறைந்தது. உங்கள் குழுவில் எல்லா வேட்பாளர்களும் பெண்கள்தானே, இங்கே அது எப்படி வரும் என்று கேட்கலாம். பாலினத்தின் இடத்தில் வேறொன்று வந்து உட்காரும்: பேசும் ஆங்கிலத்தின் தொனி, படித்த பல்கலைக்கழகம், வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயர். நான் இருந்த குழு ஒன்றில், நிதித்துறைப் பெண் ஒருவரைப் பேசும்போது 'எத்தனை பேரை வழிநடத்துகிறார்' என்பது பெரிய தகுதியாக இருந்தது. 140 பேரை வழிநடத்தும் மருத்துவமனைத் துப்புரவுப் பிரிவின் மேலாளர் அடுத்த தாளாக வந்ததும், 'புதுமை என்ன செய்தார்' என்று கேள்வி மாறிவிட்டது. யாரும் தீய எண்ணத்தோடு மாற்றவில்லை. மாறியதை யாரும் கவனிக்கக்கூட இல்லை.

மதிப்பெண் போடும் முறையைப் பற்றிக் கேட்டீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் நாள் எல்லாத் தாள்களையும் பேனாவைத் தொடாமல் ஒருமுறை படிப்பேன். மறுநாள், ஒருவரின் தாளை முழுக்க மதிப்பிட்டுவிட்டு அடுத்தவருக்குப் போகாமல், ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு அதை எல்லாருக்கும் போட்டு முடித்த பிறகே அடுத்த அளவுகோலுக்குப் போவேன். அப்போது தாள்களின் வரிசையையும் மாற்றிக்கொள்வேன். ஒரு பண்பில் பிரகாசிப்பவருக்கு மற்றப் பண்புகளிலும் மதிப்பெண் தானாக உயர்வதை உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இலேயே காட்டியிருக்கிறார். அதைத் தடுக்க இது உதவும். வரிசையும் சிறிய விஷயம் அன்று. பிரஸ்ஸல்ஸில் நடக்கும் எலிசபெத் அரசி இசைப் போட்டியில், யார் எந்த நாளில் வாசிப்பது என்பது குலுக்கலில்தான் முடிவாகிறது. ஆனாலும் பல ஆண்டு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த பொருளியலாளர்கள், முதல் நாளில் வாசித்தவர்கள் பின்தங்குவதையும் பிற்பட்ட நாள்களில் வாசித்தவர்கள் மேலே வருவதையும் கண்டார்கள். இசையில் தேர்ந்த நடுவர்களுக்கே அப்படியென்றால் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு நுணுக்கம், கணக்கு தெரிந்த உங்களுக்கு உடனே விளங்கும்: ஒரு நடுவர் எல்லாருக்கும் 6 முதல் 8 வரை போடுகிறார், இன்னொருவர் 2 முதல் 10 வரை போடுகிறார் என்றால், கூட்டுத்தொகையை நடைமுறையில் இரண்டாமவரே தீர்மானிக்கிறார். மதிப்பெண்களைக் கூட்டுவதற்கு முன் ஒவ்வொரு நடுவரின் பட்டியலையும் தரவரிசையாக மாற்றிக்கொள்ளும்படி அமைப்பாளர்களிடம் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கூடிப் பேசுவதற்கு முன் உங்கள் மதிப்பெண்கள் எழுத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவில், தலைமை நடுவர் உட்கார்ந்ததும், "எனக்கு ஒருவர்தான் கண்ணில் படுகிறார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றார். அவர் சொன்ன பெண்ணுக்கு என் தாளில் நான்காம் இடம். என் முறை வருவதற்குள் அந்த 4ஐ 2 ஆக்கிவிட்டிருந்தேன். எனக்குப் புதிய சான்று எதுவும் கிடைத்திருக்கவில்லை. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். அடித்துத் திருத்தியது தெரிகிறது.

இனி உங்கள் தோழி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "அவருக்கு மட்டும் நான் மதிப்பெண் போடாமல் ஒதுங்கிக்கொள்கிறேன்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது போதும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஸ்வீடனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு உதவித்தொகைக்கு 114 பேர் விண்ணப்பித்திருந்தார்கள், 62 ஆண்களும் 52 பெண்களும். கிடைத்தது 20 பேருக்கு. அவர்களில் 4 பேர் மட்டுமே பெண்கள். கிறிஸ்டீன் வென்னெராஸ், ஆக்னெஸ் வோல்ட் என்ற இரு அறிவியலாளர்கள் மதிப்பெண் பட்டியலைக் கேட்டபோது குழு தர மறுத்தது; நீதிமன்றம் வரை போய் 1995இல் வாங்கினார்கள். 1997இல் அவர்கள் வெளியிட்ட முடிவில் எல்லாருக்கும் நினைவிருப்பது, ஆணுக்கு இணையான மதிப்பெண் பெற ஒரு பெண் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெளியீடுகளைக் காட்ட வேண்டியிருந்தது என்ற பகுதி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மற்றொரு பகுதி. குழு உறுப்பினருக்கு வேண்டியவர் விண்ணப்பித்திருந்தால், அந்த உறுப்பினர் மதிப்பெண் போடக் கூடாது என்ற விதி அங்கே இருந்தது. அதைப் பின்பற்றவும் செய்தார்கள். ஆனாலும் வேண்டியவர்களுக்கு மதிப்பெண் கூடியது. போட்டவர்கள் மற்ற உறுப்பினர்கள். சக உறுப்பினரின் ஆள் என்று தெரிந்ததும், கேட்காமலேயே கை தாராளமாகிவிட்டது.

இதன் தொடர்ச்சியும் தெரிந்திருக்க வேண்டியது. 2004ஆம் ஆண்டு விண்ணப்பங்களை வைத்து வேறு இருவர் அதே அமைப்பை மீண்டும் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். பெண்களுக்கு எதிரான சாய்வு அப்போது காணவில்லை; சொல்லப்போனால் பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைத்திருந்தது. வேண்டியவர் சலுகை மட்டும் அப்படியே இருந்தது. ஆகவே பாலினச் சாய்வு எங்கும் என்றும் ஒரே அளவில் இருக்கும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். தெரிந்தவர்க்குச் செய்யும் சாய்வு அதைவிடப் பிடிவாதமானது என்று, இரண்டு முறையும் தென்பட்டதால், கூடுதல் உறுதியோடு சொல்வேன். உங்கள் விஷயத்தில் இதன் பொருள், தோழி இருக்கும் பிரிவு முழுவதிலிருந்தும் விலகுங்கள். அந்தப் பிரிவு பேசப்படும்போது அறையிலோ இணையக் கூட்டத்திலோ இருக்க வேண்டாம். அவரை உங்களுக்குத் தெரியும் என்பதைச் செயலாளருக்கு மட்டும் எழுதுங்கள், மற்ற நடுவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பிரிட்டனில் நம்மவர் உலகம் சிறியது. கோயில் திருவிழாவிலும் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் பார்த்துப் பழகியவரைத் 'தெரியாது' என்று படிவத்தில் குறிப்பது நேர்மையாகாது.

ஐயத்துக்குரியவை சிலவும் உண்டு. பெயரையும் அடையாளத்தையும் மறைத்து மதிப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்துத் தேர்ந்தெடுத்த அமெரிக்க இசைக்குழுக்களில் பெண்களுக்கு வாய்ப்புக் கூடியது என்ற 2000ஆம் ஆண்டு ஆய்வைச் சான்று காட்டுவார்கள். அந்த ஆய்வின் புகழ்பெற்ற எண்கள் சிறிய மாதிரியில் நிற்பவை என்று புள்ளியியலாளர்கள் பின்னர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அது ஒருபுறம் இருக்க, ஒரு பெண்ணின் இருபது ஆண்டுத் தொழில் வாழ்க்கையை வயலின் போலத் திரைக்குப் பின்னால் வைக்க முடியாது. முயன்ற இடங்களில் நிறுவனத்தின் பெயரை மறைத்ததால் மட்டும் ஓரளவு பயன் கிடைத்ததாக என் அனுபவம். நடுவர்களுக்குத் தரப்படும் ஒரு மணிநேர 'மறைமுகச் சாய்வு' பயிற்சியைப் பற்றியும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அதில் உட்காருங்கள், ஆனால் அதனால் சாய்வு நீங்கிவிட்டதாக எண்ணாதீர்கள்.

ஆய்வு எதையும் சாராமல் என் சொந்தக் கருத்தாக ஒன்று. இத்தகைய விருதுகளில் தாள்கள் மெல்ல மெல்லத் துயரக் கதைகளாகிவிடுகின்றன: அகதியாக வந்தது, அவமதிக்கப்பட்டது, ஒற்றை ஆளாகப் பிள்ளைகளை வளர்த்தது. அவை உண்மையானவை, படிக்கும்போது எனக்கும் தொண்டை அடைத்திருக்கிறது. ஆயினும் கடந்து வந்த தடையை, சாதனையின் உயரத்தை அளக்க உதவும் தகவலாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். துயரத்துக்கே மதிப்பெண் போடத் தொடங்கினால், அடுத்த ஆண்டு எல்லாரும் துயரத்தை எழுதி அனுப்புவார்கள். தன் கஷ்டத்தை ஊரறியச் சொல்ல விரும்பாத பெண், பொறியியலில் எவ்வளவு பெரிய வேலை செய்திருந்தாலும், தோற்றுப்போவார். அதேபோல், ஒரே பட்டியலில் கறுப்பினப் பெண்களும் நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களும் இருக்கும்போது, எல்லாருக்கும் தடை ஒரே மாதிரி என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு துறையிலும் யார் எத்தனை பேர் எந்தப் படிவரை ஏறியிருக்கிறார்கள் என்பது வேறு வேறு. அந்தத் துறையைத் தெரிந்த நடுவர் ஒருவராவது குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

ஒப்புக்கொள்வதற்கு முன் அமைப்பாளர்களிடம் சிலவற்றைக் கேளுங்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் உண்டா, இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் நிறுவனங்கள் விருந்து மேசை வாங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உண்டா, புரவலர் நிறுவனத்தின் ஊழியர்களே போட்டியிடலாமா, நடுவர்களின் முடிவை யாராவது மாற்ற முடியுமா. விருந்து மேசை விற்றுத்தான் இத்தகைய விழாக்கள் பெரும்பாலும் நடக்கின்றன. அது குற்றம் அன்று. ஆனால் மேசை வாங்கியவருக்கே விருது என்று ஆனால் உங்கள் பெயர் அந்த மேசைக்கு விரிப்பாகிவிடும். கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் மறுத்துவிடுங்கள். நடுவர்களுக்குப் பொதுவாக ஊதியம் கிடையாது. முப்பது தாள்கள் என்றால் இரண்டு வார இறுதிகள் போய்விடும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், பின்தங்க நேர்ந்த பிரிவினருக்காக அளவோடு எடுக்கப்படும் ஊக்க நடவடிக்கைகளுக்கு இடம் தருகிறது. குறிப்பிட்ட விருது அதற்குள் அடங்குமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுவைத்திருக்க வேண்டியது அமைப்பாளர்களின் பொறுப்பு. அமெரிக்க நிலவரம் வேறு. அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம், கறுப்பினப் பெண்களின் தொழில்களுக்கு மட்டும் 20,000 டாலர் வழங்கும் போட்டி நடத்தியது. அதில் கலந்துகொள்வது ஓர் ஒப்பந்தம், ஒப்பந்தத்தில் இனம் பார்க்கக் கூடாது என்ற 1866ஆம் ஆண்டுச் சட்டத்தை அது மீறியிருக்கக்கூடும் என்று சொல்லி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூனில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தடுத்தது. செப்டம்பரில் சமரசமாகிப் போட்டி மூடப்பட்டது. அங்கிருக்கும் உறவினர் யாராவது இதே அழைப்பைப் பெற்றால் என் பதிலை அப்படியே அனுப்பிவிடாதீர்கள்.

தகுதி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு நிறுவனம் தன்னைப் பற்றி எழுதியதை எடுத்துக்கொண்டு, அதற்குச் சான்று எங்கே என்று தேடுவதுதான் உங்கள் அன்றாடத் தொழில். பெரும்பாலான நடுவர்களிடம் இல்லாதது அந்தப் பழக்கம்தான். ஒப்புக்கொண்டு எழுதும் முதல் கடிதத்திலேயே, தோழியின் பெயர் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதையும் அந்தப் பிரிவை நீங்கள் தொடமாட்டீர்கள் என்பதையும் குறிப்பிட்டுவிடுங்கள். பட்டியல் கைக்கு வந்த பிறகு எழுதினால் காலம் கடந்ததாகிவிடும். முடிவுகள் வரும்வரை அவரிடம் இதைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். நீங்கள் நடுவர் என்று அவருக்குத் தெரியவந்து கேட்டாலும், "அந்தப் பிரிவில் நான் இல்லை" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள்.